மலைவீட்டில் நாய்க்குட்டிக்கு டாய்லெட், கூண்டு பழக்குவது எப்படி: முழு வழிகாட்டி

ஜூலை மாத ஊட்டியில் எட்டு வாரக் குட்டியை ஈரப் புல்லில் இறக்கிவிட்டுப் பாருங்கள். வயிற்றில் ஈரம் பட்டதும் உடம்பைக் குறுக்கிக்கொண்டு வாசலையே பார்த்து நிற்கும். குடைபிடித்து இரண்டு நிமிடம் நின்றவர், “இதுக்கு இப்ப வரல போல” என்று தூக்கிக்கொண்டு உள்ளே வருவார். ஹாலில் இறக்கிவிட்ட அரை நிமிடத்தில் கம்பளம் நனைந்திருக்கும். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் டாய்லெட் பழக்கம் கெடுவது பெரும்பாலும் இப்படித்தான். குட்டியின் மேல் பழி போட இதில் எதுவும் இல்லை. நனையாத, காற்றடிக்காத, காலுக்குப் பழகிய ஓர் இடம் அதற்கு வெளியே கிடைக்கவில்லை.

மொட்டை மாடிக்குக் கொண்டுபோங்கள், தெருவில் நடத்துங்கள் என்ற யோசனைகள் சமவெளிக்குச் சரி. இங்கே மழை, உறைபனி, அட்டை, சிறுத்தை எல்லாம் குறுக்கே வரும். அதனால் வேலையின் வரிசையை மாற்ற வேண்டும்: முதலில் கழிப்பிடம், அடுத்து கூண்டு, இரண்டும் தயாரான பிறகே குட்டி.

முதலில் கழிப்பிடம்

வாசலிலிருந்து பத்து, பதினைந்து அடிக்குள் இடம் பாருங்கள். எட்டு வாரக் குட்டிக்கு முட்டுவதற்கும் விடுவதற்கும் நடுவே சில நொடிதான் இருக்கும். தோட்டத்துக் கடைசிக்குப் போக அவகாசம் இருக்காது. சன்ஷேடுக்கு அடியிலோ, விறகு அடுக்கும் தகரச் சார்ப்பிலோ நான்கடிக்கு மூன்றடி இடம் போதும். கூரை இல்லையென்றால் நாலு கம்பு நட்டு ஒரு தகரம் போட்டு, சாரல் அடிக்கும் பக்கத்தைத் தார்ப்பாயால் மறையுங்கள். எந்தப் பக்கம் என்று சந்தேகமாக இருந்தால் வீட்டுச் சுவரைப் பாருங்கள். பாசி கனமாகப் படிந்திருக்கும் பக்கம்தான் சாரல் பக்கம். கூடலூர், ஊட்டி மேற்கில் தென்மேற்குப் பருவமழையும், கோத்தகிரி, குன்னூர், கொடைக்கானல் பக்கம் வடகிழக்குப் பருவமழையும் பலமாக இருக்கும் என்பதால் பக்கத்து ஊர்க்காரர் சொல்லும் திசை உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம்.

தேயிலைச் செடி ஓரம், உண்ணிச்செடிப் புதர், பக்கத்துக் காலி மனை இவற்றை ஒட்டிய இடம் வேண்டவே வேண்டாம். மலையூர்களில் சிறுத்தைக்கு எளிதாகக் கிடைக்கும் இரை வீட்டு நாய்தான். ஓரிடத்தைப் பழகிய குட்டி, கதவு திறந்ததும் இருட்டிலும் அங்கேதான் ஓடும். அந்த இடம் புதரோரமாக இருந்துவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு.

தெருநாய்கள் வந்து போகும் மண்ணும் ஆகாது. குட்டிகளுக்கு உயிரைப் பறிக்கும் வயிற்றுப்போக்கைத் தரும் பார்வோ வைரஸ் மண்ணில் பல மாதம் உயிரோடு கிடக்கும். சாதாரண ஃபினாயிலுக்கு அது சாகாது. முதல் தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில், அதன்பின் 3–4 வாரத்துக்கு ஒருமுறை 16 வாரம் வரை, ரேபிஸ் ஊசி மூன்று மாதத்தில் என்பது வழக்கமான அட்டவணை. அது முடியும் வரை உங்கள் வேலிக்குள் இருக்கும் இடமே குட்டியின் டாய்லெட். கோவையிலிருந்து குட்டியை மேலே கொண்டுவரும்போதும் இதே கவனம் தேவை. மூன்று மணி நேரத்துக்கு முன்பே சாப்பாட்டை நிறுத்தி, கூண்டில் பழைய துண்டு விரித்துக் கொண்டுவாருங்கள். பர்லியாரில் டீ குடிக்க நிற்கும்போது குட்டியை ரோட்டோரம் இறக்கிவிடாதீர்கள்.

எஸ்டேட் லைன் வீடு, ஹட்டியின் (படுகர் ஊரின்) பொது முற்றத்தைப் பார்த்த வீடு, மாடிக் குடியிருப்பு போன்றவற்றில் தனி இடம் கிடைக்காது. அங்கே புல் தட்டு செய்துகொள்ளுங்கள். சொந்தத் தோட்டம் இருப்பவர்களுக்கும் இரவுக்கு இது வேண்டும். இரண்டடிக்கு மூன்றடி மரச்சட்டம், நான்கு அங்குல உயரம், குட்டி ஏறும் பக்கம் மட்டும் இரண்டு அங்குலம். அடிப்பலகையில் ஏழெட்டுத் துளை, அதற்குக் கீழே வடியும் நீரைப் பிடிக்க ஒரு தகரத் தட்டு. உள்ளே ஒரு அங்குலம் பொடி ஜல்லி, அதன்மேல் மண்ணோடு வெட்டியெடுத்த கிக்குயூ புல். மலையில் இந்தப் புல்லுக்குப் பஞ்சமில்லை. மண்வெட்டியால் இரண்டு அங்குலக் கனத்தில் பாளமாகப் பெயர்த்துவிடலாம். மலத்தை உடனே எடுத்துவிட்டு, தினம் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றுங்கள். வாரத்துக்கு ஒருமுறை பாளத்தை மாற்றும்போது பழைய புல்லில் கையகலத் துண்டை ஒரு மூலையில் விட்டுவையுங்கள். அந்த வாசனைதான் குட்டிக்கு அடையாளம். கழித்த பாளத்தைப் பூச்செடிக்குப் போடலாம், காய்கறிப் பாத்திக்குப் போடக் கூடாது. குட்டியின் மலத்தில் உருளைப்புழு முட்டைகள் இருக்கலாம்.

காலுக்குக் கீழே எது இருந்தால் கழிப்பது என்ற விருப்பம் எட்டு, ஒன்பது வாரத்திலேயே படியத் தொடங்கிவிடும். அதனால் குட்டி பிறந்த இடத்தில் எதன்மேல் போய்க்கொண்டிருந்தது என்று கேட்டு வாங்குங்கள். செய்தித்தாள் என்றால் புல்லின் மேல் ஒரு முழுத் தாளை விரித்துத் தொடங்கி, இரண்டு நாளைக்கு ஒருமுறை பாதியாக மடித்துக்கொண்டே வந்தால் பத்து நாளில் தாள் தேவைப்படாது.

டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் பள்ளமான பகுதிகளில் காலைப் புல்லில் கால் வைக்கவே குட்டி மறுக்கும். இரவில் அந்த நான்கடி இடத்தைச் சாக்கால் மூடிவைத்து, விடிந்ததும் உருவிவிடுங்கள். புல் வெள்ளையாகாமல் இருக்கும்.

கூண்டு: அளவும் இடமும்

படுக்கும் இடத்தை நனைக்க நாய் விரும்பாது. கூண்டு வேலை செய்வது இந்த ஒரே இயல்பை நம்பித்தான். ஆகவே அளவில் தாராளம் காட்டினால் காரியம் கெடும். ஒரு மூலையில் படுத்து மறுமூலையில் கழிக்க இடம் இருந்தால் கூண்டே டாய்லெட் ஆகிவிடும். நிற்க, திரும்ப, கால் நீட்டிப் படுக்க முடிந்தால் போதும்.

வளர்ந்த நாய்க்கு மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அளந்து நான்கு அங்குலம் கூட்டினால் நீளம். தலை உச்சிக்கு மேல் மூன்று அங்குலம் கூட்டினால் உயரம். பக், டாஷ்ஹண்டுக்கு 24 அங்குலம், பீகிளுக்கு 30, நடுத்தர நாட்டு நாய்க்கு 36, லேப்ரடாருக்கு 42, பெரிய ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் ராஜபாளையத்துக்கும் 48 வரை ஆகும். வளர்ந்தபின் தேவைப்படும் அளவையே வாங்கி, நடுவில் தடுப்பு வைத்து இப்போதைக்குச் சுருக்குங்கள். எட்டு வார லேப் குட்டிக்கு இருபது, இருபத்திரண்டு அங்குலம் தாராளம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தடுப்பைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள்.

கடைகளில் கிடைக்கும் மடக்குக் கம்பிக் கூண்டே போதும். தச்சரிடம் செய்வதென்றால் சில்வர் ஓக் பலகை மலிவாகக் கிடைக்கும். கம்பிக்கோ பலகைக்கோ இடையே ஒரு அங்குலத்துக்கு மேல் சந்து இருக்கக் கூடாது. குட்டியின் தாடையோ காலோ மாட்டிக்கொள்ளும். உட்புறம் இழைத்தது இழைத்தபடி இருக்கட்டும். வார்னிஷும் பெயின்டும் குட்டியின் வயிற்றுக்குள்தான் போய்ச்சேரும். ஆணி முனை உள்ளே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள்.

மலையில் கூண்டு தரையில் உட்காரக் கூடாது. சிமெண்டுத் தரையின் குளிர் இரவு முழுக்க மேலேறும். மூன்று அங்குல ரீப்பர் கட்டைமேல் பலகை போட்டு அதன்மேல் கூண்டை வையுங்கள். மூன்று பக்கமும் கம்பளியால் மூடி, முன்பக்கத்தைத் திறந்துவிடுங்கள். பிளாஸ்டிக் ஷீட்டால் மூடினால் குட்டியின் மூச்சு வியர்த்து உள்ளே சொட்டும்.

படுக்கை விஷயம் எளிதாகத் தோன்றும், ஆனால் மழைக்காலத்தில் பலர் தோற்பது இதில்தான். துணி காய இரண்டு, மூன்று நாள் ஆகும் ஊரில் ஒரே ஒரு மெத்தையை வைத்துக்கொண்டு சமாளிக்க முடியாது. நனைந்ததை அரைகுறையாகக் காயவைத்துப் போட்டால், ஈரத்தில் படுப்பது குட்டிக்குச் சகஜமாகிவிடும். அதன்பின் படுக்கையை நனைக்க அதற்குத் தயக்கமே இருக்காது. பழைய சேலை, போர்வையை மடித்துத் தைத்து நான்கு செட் வைத்துக்கொள்ளுங்கள். அடியில் சாக்கு, மேலே துணி. ஸ்பாஞ்ச் மெத்தை வேண்டாம்: மூத்திரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், கடித்துத் தின்றால் குடலை அடைக்கும்.

குளிர் இரவுகளில் வெந்நீர்ப் பையை இரண்டு சுற்றுத் துண்டால் சுற்றி ஓர் ஓரமாக வையுங்கள். சூடு அதிகமானால் குட்டி விலகிப் படுக்க மறுபக்கம் காலியாக இருக்க வேண்டும். கடிக்கத் தொடங்கிய குட்டிக்கு இது கூடாது, கம்பளியைக் கூட்டுங்கள். சிப்பிப்பாறை, கன்னி போன்ற குறுமுடி நாய்கள் மற்றவற்றைவிடச் சீக்கிரம் நடுங்கும். குளிரில் விழித்துக்கொண்ட குட்டிக்கு உடனே முட்டும் என்பதால், கதகதப்பாக வைத்தாலே இரவில் ஒரு முறை எழுவது மிச்சம்.

ஹீட்டரிலிருந்து குறைந்தது மூன்றடி தள்ளியே கூண்டு இருக்க வேண்டும். ஒயர் எட்டக் கூடாது. மூடிய அறையில் கரி அடுப்பு வைத்துக் குட்டிக்குச் சூடேற்றும் வழக்கத்தை அடியோடு விடுங்கள். கார்பன் மோனாக்சைடு குட்டியையும் கொல்லும், பக்கத்தில் தூங்கும் உங்களையும் கொல்லும். இன்னொன்று நீலகிரித் தைலம். சளிக்கென்று குட்டியின் நெஞ்சில் தடவுவதும், உண்ணிக்கென்று படுக்கையில் தெளிப்பதும், வீடு துடைக்கும் தண்ணீரில் விடுவதும் ஆபத்து. நக்கி உள்ளே போனால் நாய்க்கு அது விஷம்.

வயதும் சாப்பாடும்

2017ஆம் ஆண்டு வந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. ஆனாலும் ஐந்து வாரக் குட்டியைக் கூடையில் வைத்து விற்பவர்கள் உண்டு. அந்த வயதில் சிறுநீரை அடக்கும் தசையும் பழகவில்லை, தாயைப் பார்த்துச் சுத்தம் கற்கும் காலமும் முடியவில்லை. அப்படியொரு குட்டி வந்துவிட்டால் எட்டு வாரம் வரை கூண்டுக் கதவைச் சாத்தாமல், புல் தட்டும் படுக்கையும் உள்ள சிறு அடைப்பில் வைத்திருங்கள்.

மூன்று மாதம் வரை நாளுக்கு நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று, அதன்பின் இரண்டு. ஒரே நேரத்தில் வைத்து, பதினைந்து நிமிடத்தில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். நாள் முழுக்கத் தட்டில் சோறு கிடந்தால் மலம் எப்போது வரும் என்று கணிக்கவே முடியாது. பசும்பாலில் பன்னை ஊறவைத்துக் கொடுப்பது இங்கே பரவலான வழக்கம். பல குட்டிகளுக்குப் பால் செரிக்காமல் வயிற்றால் போகும். வயிற்றால் போகிற குட்டிக்கு எந்தப் பழக்கமும் கைவராது. பாலை நிறுத்திய சில நாளில் பாதிப் பிரச்சினை தீர்ந்த வீடுகள் ஏராளம். இரண்டு நாளில் நிற்காவிட்டாலோ, ரத்தம், வாந்தி, சோர்வு எது சேர்ந்தாலோ டாக்டரிடம் போய்விடுங்கள்.

பரிசுத் தீனிக்கு உப்பில்லாமல் வேகவைத்த கோழி, அல்லது வேகவைத்த கேரட், பட்டாணி அளவுத் துண்டுகளாக. ஊட்டி பேக்கரிகளின் மொறுமொறு வர்க்கியில் உள்ள கொழுப்பு குட்டியின் வயிற்றுக்கு ஆகாது. ஹோம்மேட் சாக்லேட் துளியும் கூடாது. அதிலுள்ள தியோப்ரோமின் நாய்க்கு நஞ்சு, கறுப்பாக இருக்க இருக்க வீரியம் அதிகம்.

கூண்டுக்குள் போகப் பழக்குதல்

முதல் நாள் கதவைத் திறந்து பின்னால் கயிற்றால் கட்டிவிடுங்கள். ஆடி மோதினாலே சில குட்டிகள் பயந்துபோகும். வாசலருகே ஒரு துண்டு, அரையடி உள்ளே ஒன்று, கடைசியில் ஒன்று என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். பிடித்து உள்ளே தள்ளாதீர்கள். ஒரு நாளில் ஐந்தாறு முறை, ஒவ்வொன்றும் இரண்டு மூன்று நிமிடம்.

தானாக உள்ளே போகத் தொடங்கியதும் நான்கு வேளைச் சாப்பாட்டையும் கூண்டின் பின்பக்கம் வையுங்கள். சாப்பிடும்போது கதவைச் சாத்தி, தட்டு காலியாவதற்குள் திறந்துவிடுங்கள். அடுத்த வேளை, சாப்பிட்டு முடித்துப் பத்து நொடி. அதற்கடுத்து அரை நிமிடம், ஒரு நிமிடம், மூன்று, ஐந்து. இந்த ஏற்றம் நேர்கோடாக இருக்க வேண்டியதில்லை. ஐந்து நிமிடம் இருந்த குட்டிக்கு அடுத்து இரண்டு நிமிடம் கொடுங்கள், பிறகு எட்டு. ஒவ்வொரு முறையும் கூடிக்கொண்டே போனால் கதவுச் சத்தத்துக்கே குட்டி கலங்கத் தொடங்கும்.

ஐந்து நிமிடம் அமைதியாக இருந்தால், அதே அறையில் நீங்கள் எழுந்து நடங்கள். பிறகு அடுக்களைவரை போய் வாருங்கள். பிறகுதான் கண் மறைவாக. ரப்பர் பொம்மைக்குள் கொஞ்சம் சோறும் கோழியும் திணித்துக் கொடுத்தால் பத்துப் பதினைந்து நிமிடம் நக்கிக்கொண்டிருக்கும், நக்கி முடித்துத் தூங்கிவிடும். சமைத்த எலும்பு கொடுக்காதீர்கள், சில்லு சில்லாக உடையும். கூண்டுக்குள் போகும்முன் கழுத்துப்பட்டையைக் கழற்றுங்கள். கம்பியில் மாட்டினால் கழுத்தை இறுக்கும்.

நல்ல நேரம், விளையாடிக் களைத்து, வெளியே போய்வந்த பிறகு. இந்த வயதில் குட்டி நாளுக்கு 18 முதல் 20 மணி நேரம் தூங்கும். அந்தத் தூக்கத்தைக் கூண்டுக்குள் கொண்டுவருவதுதான் மொத்த வித்தையும். தூக்கம் வராத குட்டியை அடைத்தால் கத்தத்தான் செய்யும். தண்டனைக்காக ஒரே ஒரு முறை அடைத்தாலும் இதுவரை செய்தது வீண்.

பகலில் ஒரே தொடர்ச்சிக்கு எவ்வளவு நேரம் என்றால், 8–10 வாரத்தில் ஒரு மணிக்குள், 11–14 வாரத்தில் ஒன்று முதல் மூன்று மணி, 15–16 வாரத்தில் மூன்று, நான்கு மணி. அதன்பிறகும் நான்கைந்து மணிக்கு மேல் கூடாது.

பகல் பொழுது

வெளியே கொண்டுபோக வேண்டிய நேரங்கள் மாறாதவை: தூங்கி எழுந்த உடனே, கூண்டு திறந்த உடனே, சாப்பிட்ட ஐந்து முதல் இருபது நிமிடத்தில், விளையாட்டு முடிந்ததும், இடையே எதுவும் இல்லையென்றால் மணிக்கு ஒருமுறை. எட்டு வாரக் குட்டிக்கு இது நாளுக்குப் பன்னிரண்டு தடவைக்குக் குறையாது. முதல் இரண்டு வாரம் யாராவது ஒருவர் வீட்டில் இருந்தே ஆக வேண்டும். பழக்கம் படிவதும் கெடுவதும் இந்த நாட்களில்தான்.

வாசல்வரை தூக்கியே போங்கள், நடக்கவிட்டால் வழியிலேயே விட்டுவிடும். நாலடிக் கயிற்றில் பிடித்து, இடத்தில் இறக்கி, பேசாமல் நில்லுங்கள். குட்டி மோப்பம் பிடித்துக் குனியத் தொடங்கும்போது “உச்சா போ” என்று ஒரே ஒரு தடவை மெதுவாகச் சொல்லுங்கள். வீட்டில் எல்லாரும், பாட்டி முதல் பிள்ளைகள் வரை, அதே சொல்லைச் சொல்ல வேண்டும். முடித்து நிமிர்ந்த அந்த நொடியில், அதே இடத்தில், தீனி. உள்ளே வந்து கொடுத்தால் உள்ளே வந்ததற்கான கூலியாகத்தான் குட்டி அதை எடுத்துக்கொள்ளும். போனதும் உடனே உள்ளே தூக்கிவராமல் சார்ப்புக்கு அடியிலேயே ஐந்து நிமிடம் விளையாடவிடுங்கள். போனால் வெளியே இருப்பது முடிந்துவிடும் என்று கற்ற குட்டி அடக்கி வைத்துக்கொண்டே நிற்கும். காலையில் ஒருமுறை போனதோடு நிறுத்தாதீர்கள். பல குட்டிகளுக்கு நாலெட்டு நடந்தபின் இரண்டாவது முறை வரும், மலமும் அப்போதுதான்.

ஐந்து நிமிடம் நின்றும் போகவில்லையா? முன்னால் சொன்ன ஊட்டிக் கம்பளம் நனைவது இந்தக் கட்டத்தில்தான். உள்ளே வந்து தரையில் விடக் கூடாது. கூண்டில் பத்து, பதினைந்து நிமிடம் வைத்துவிட்டு மறுபடி வெளியே. அதற்கும் போகவில்லை என்றால் மறுபடி கூண்டு, மறுபடி வெளியே. மூன்றாவது சுற்றுக்குள் பெரும்பாலும் போய்விடும். மழை நாட்களில் இந்தச் சுற்றைப் பொறுமையாகச் செய்தவர்கள் வீட்டில் தரை காய்ந்தே இருக்கும்.

போய்வந்தபின் அரை மணி நேரம் வீட்டுக்குள் விடுதலை, அதுவும் ஒரே அறையில், உங்கள் கண் முன்னால். வேலை இருந்தால் கயிற்றின் மறுமுனையை இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள். விளையாட்டை நடுவில் விட்டுவிட்டு நகர்வது, தரையை மோந்து வட்டமிடுவது, சோபாவுக்குப் பின்னால் போவது எல்லாமே அறிகுறி. தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் சாப்பாடு, மூத்திரம், மலம் மூன்றின் நேரத்தையும் ஒரு வாரம் குறியுங்கள். எட்டாவது நாள் உங்கள் குட்டியின் கணக்கு அந்தத் தாள்களிலேயே தெரியும்.

அட்டை உள்ள மாதங்களில் வெளியே போய்வந்ததும் விரலிடுக்கு, காது, மூக்குத் துவாரம், அடிவயிறு பாருங்கள். உப்புத் தண்ணீர் தொட்டு வைத்தால் அட்டை விட்டுவிடும். மூக்குக்குள் போயிருந்தால் நீங்கள் கை வைக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

இரவு

முதல் இரண்டு மூன்று வாரமாவது கூண்டு உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில், கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருக்கட்டும். தாயையும் கூடப் பிறந்தவற்றையும் விட்டு வந்த குட்டியை வராந்தாவில் தனியாகப் போட்டால் விடியவிடியக் கத்தும். குரைப்பு கேட்டுச் சிறுத்தை வருவதற்கும் அது வழி. எந்த வயதிலும் இரவில் நாயை வெளியே கட்டிப்போடுவது மலையில் கூடாது.

கடைசிச் சாப்பாடு ஏழு மணிக்கு. எட்டரைக்குத் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துவிடுங்கள். வயிற்றால் போகும் குட்டிக்கும், நோயுற்ற குட்டிக்கும் தண்ணீரை நிறுத்தக் கூடாது. பத்தரைக்குக் கடைசி முறை வெளியே. எட்டு வாரக் குட்டி இரவில் மூன்று, நான்கு மணி நேரம் தாங்கும். அதனால் ஒன்றரைக்கும் நாலரைக்கும் அலாரம் வையுங்கள். கத்திய பிறகு எழுவதைவிட, கத்தும் முன் நீங்களே எழுப்புவது நல்லது. கத்தினால் கதவு திறக்கும் என்ற பாடம் குட்டிக்குக் கிடைக்காது. மூன்று இரவு நனையாமல் போனால் இரண்டு அலாரத்தையும் பதினைந்து நிமிடம் தள்ளுங்கள். முதல் அலாரம் மூன்று மணியைத் தொட்டதும் இரண்டாவதை எடுத்துவிடலாம். நான்கு மாதத்தில் பல குட்டிகள் பத்தரையிலிருந்து ஐந்தரை வரை தூங்கும்.

நான்கு மாதம் வரை இரவு நேரத்துக்குக் கிரில் போட்ட வராந்தாவில் புல் தட்டே சரி. தோட்டத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்றால், முதலில் வெளிவிளக்கைப் போடுங்கள், ஜன்னல் வழியாக டார்ச் அடித்து அரை நிமிடம் பாருங்கள். கொடைக்கானலிலும் குன்னூரிலும் காட்டெருமை சத்தமே இல்லாமல் முற்றத்தில் நிற்கும். ஊர் நாய்கள் ஒரே பக்கம் பார்த்து விடாமல் குரைக்கிற இரவில் கதவையே திறக்காதீர்கள். கயிறு இல்லாமல் ஒரு நாளும் கூடாது.

இரவுப் பயணத்தில் பேச்சு, விளையாட்டு, பெரிய விளக்கு எதுவும் வேண்டாம். போனால் சின்னத் தீனி, உடனே கூண்டு.

தரை நனைந்தால்

கண் முன்னால் நடந்தால் லேசாகக் கைதட்டி நிறுத்தி, தூக்கிக்கொண்டு இடத்துக்குப் போங்கள். மிச்சத்தை அங்கே விட்டால் தீனி உண்டு. பிறகு பார்த்தால் பேசாமல் துடைத்துவிடுங்கள். மூக்கைத் தேய்ப்பது, அடிப்பது, கத்துவது மூன்றும் ஒரே பாடத்தைத்தான் தரும்: ஆள் பார்க்கும்போது போகக் கூடாது. அப்படிக் கற்ற குட்டி உங்களோடு கயிற்றில் இருக்கும்போது அடக்கிக்கொண்டு, உள்ளே வந்து பீரோவுக்குப் பின்னால் போகும்.

ஃபினாயில் வாடையை மறைக்குமே தவிர மூத்திரத்தைச் சிதைக்காது. குட்டியின் மூக்குக்கு அந்த இடம் அப்படியே இருக்கும், நக்கினால் கேடும் வரும். முதலில் பழைய துணியால் ஒற்றி எடுங்கள். பிறகு என்சைம் கலந்த சலவைத் தூள் ஒரு டீஸ்பூனை அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து ஊற்றி, பதினைந்து நிமிடம் ஊறவிட்டுத் துடைத்து, வெறும் தண்ணீரில் இன்னொரு முறை. காவித் தரைக்கும் டைல்ஸுக்கும் இது போதும். பழைய பங்களாக்களின் மரப்பலகைத் தளத்தில் மூத்திரம் பலகைச் சந்தில் இறங்கி, ஈரக்காற்று நாளில் மறுபடி வாடை கிளப்பும். அங்கே சமையல் சோடாவைச் சந்தில் தூவி இரவு முழுக்க விட்டு, காலையில் துடைத்தெடுங்கள். மழைக்காலம் முடியும் வரை கம்பளங்களைச் சுருட்டி வைப்பதே புத்திசாலித்தனம்.

பழக்கம் கெடும்போது எதைப் பார்ப்பது

கூண்டில் கத்தினால், கடைசியாக எப்போது வெளியே போனது என்று பாருங்கள். நேரம் ஆகியிருந்தால் கொண்டுபோங்கள். இப்போதுதான் போய்வந்தது என்றால் ஐந்து நிமிடம் வரை முனகட்டும், பெரும்பாலும் அடங்கிவிடும். வாயில் எச்சில் ஒழுக மூச்சு வாங்குவது, கம்பியைக் கடிப்பது, கதவைப் பிராண்டுவது பயம். அதைப் பிடிவாதமென்று எண்ணி விட்டுவைக்காமல் திறந்துவிட்டு, திறந்த கதவுக் கட்டத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள். தீபாவளி வாரத்தில் புதிதாகக் கூண்டு பழக்கத் தொடங்க வேண்டாம்.

கூண்டையே நனைத்தால், இடம் பெரிதா, நேரம் அதிகமா, படுக்கை ஈரமா என்று வரிசையாகப் பாருங்கள். மூன்றும் சரியென்றால் ஓரிரு நாள் படுக்கையை எடுத்துவிட்டு வெறும் பலகையில் விடுங்கள். சில குட்டிகள் மெத்தென்ற துணியைத்தான் டாய்லெட்டாக எடுத்துக்கொள்ளும். கடையில் சிறு கூண்டில் வாரக்கணக்கில் அடைபட்டு வந்த குட்டி தன் மலத்தின் மேலேயே படுத்துப் பழகியிருக்கும். அதற்குக் கூண்டு முறை உதவாது. அடைப்பும் புல் தட்டும்தான் வழி, மாதக்கணக்கில் ஆகும்.

நீங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும், குனிந்து தொட்டதும் சொட்டு விட்டால் அது பரவசமோ பணிவோ. திட்டினால் கூடும். கண்டுகொள்ளாமல் உள்ளே வந்து, சில நிமிடம் கழித்துப் பக்கவாட்டில் உட்கார்ந்து தொடுங்கள். வளர வளர நிற்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை துளித்துளியாகப் போவது, முக்குவது, நிறம் சிவப்பது சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், பெண் குட்டிகளில் கூடுதல். டாக்டர் மருந்து கொடுக்காமல் எந்தப் பழக்கமும் இதைச் சரிசெய்யாது.

இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் காலை முதல் மாலை வரை கூண்டில் பூட்டிவைப்பது கொடுமை. கிரில் வராந்தாவிலோ குளியலறையிலோ நான்கடிக்கு ஆறடி அடைப்புப் போட்டு, ஒரு முனையில் கதவு திறந்த கூண்டு, மறுமுனையில் புல் தட்டு, நடுவில் தண்ணீர். மதியம் ஒருவர் வந்து சாப்பாடு வைத்துத் தட்டைச் சுத்தம் செய்ய வேண்டும். வராந்தா என்றால் சாப்பாட்டுத் தட்டு கிரில் ஓரமாக இருக்கக் கூடாது, குரங்கு கை விடும். இந்த முறையில் பழக்கம் வர இரண்டு மடங்கு காலம் ஆகும், ஆனால் வரும்.

நான்கு முதல் ஆறு மாதத்தில் பெரும்பாலான குட்டிகள் நம்பும்படி ஆகிவிடும், சின்ன இனங்களுக்கு இன்னும் தள்ளும். இரண்டு வாரம் ஒரு அறை நனையாமல் இருந்தால் அடுத்த அறையைத் திறங்கள். நனைந்தால் ஒரு அறை பின்வாங்குங்கள். ஆறு மாதத்துக்கு மேல் ஆண் நாய் நாற்காலிக் காலில் குறி வைக்கத் தொடங்கினால் மறுபடி கயிற்றோடு இடுப்பில் கட்டுங்கள், கருத்தடை பற்றி டாக்டரிடம் பேசுங்கள். எட்டு வாரம் ஒரு தவறும் இல்லாமல் போன பிறகு கூண்டுக் கதவைக் கழற்றிவிடலாம். கூண்டை மட்டும் அதே இடத்தில் விட்டுவையுங்கள்.